செவிடன் எலிகியோ

அசுவா ஊரில் போய் எலிகியோ வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. செவிடன் வீடு என்றால் கைபிடித்துக் கூட்டிப்போவார்கள். முக்குக் கடை வாசலில் டோமினோ காய் ஆடும் அந்த மனுஷனுக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும் என்பது வேறு விஷயம்.

பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பேஸ்பாலில் எல்லைப் பக்கம் நிற்கும் மூன்று பேரில் நடுவில் நிற்பவன் வைத்ததுதான் சட்டம். உயரே வரும் பந்துக்கு அவன் "எனக்கு!" என்று கத்திவிட்டால் மற்றவன் ஒதுங்கிவிட வேண்டும். அன்று நடுவில் ராதமேஸ், வலப்பக்கம் எலிகியோ. இருவரும் ஓடிவந்த வேகத்தில் மோதிக்கொண்டார்கள். எலிகியோவின் முழங்கால் போனது, ஆட்டமும் அதோடு போனது.

"கத்துனியா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"கத்துனேன்" என்றான் ராதமேஸ்.

பச்சைப் பொய். வெயில் கண்ணில் அடித்ததில் பந்து எங்கே என்றே அவனுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் மானம் போகக்கூடாதென்று ஒரு வார்த்தையை விட்டான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் அமெரிக்க மைதானங்களில் ஓடினான். வீடு, கார், பேர் எல்லாம் வந்தது. ஊர் திரும்பிப் பார்த்தால், கத்தியது கேட்காதவன் என்று எலிகியோவுக்குச் செவிடன் பட்டமே நிலைத்திருந்தது.

இப்போது ஊர் அணி எலிகியோவைப் பயிற்சியாளராகக் கூப்பிடுகிறது. அவன் மாட்டேன் என்கிறான். ராதமேஸே முக்குக் கடைக்குப் பேசிப்பார்க்க வந்தான்.

"ஏன்டா வேணாங்கிற?"

"கத்துனது கேக்காதவன் என்னத்தச் சொல்லிக் குடுப்பான்? அன்னிக்கு உன் காலையும் சேத்து ஒடைக்கப் பாத்தேன் மச்சான். மன்னிச்சுக்க."

எத்தனையாவது மன்னிப்போ! ராதமேஸுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நான் கத்தலடா."

"செவிடனுக்கு இன்னொருக்கா சொல்லுப்பா" என்று கூட டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஒருத்தன் சிரித்தான்.

"கத்தவே இல்ல. பந்தே தெரியல எனக்கு. பொய் சொன்னேன்."

சிரிப்பு நின்றது. எலிகியோ கையிலிருந்த காய்களைக் கவிழ்த்து வைத்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தான் ராதமேஸ். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"தலைநகர் வரைக்கும் போயி ரெண்டு தடவ காத டெஸ்ட் பண்ணேன்" என்றான் எலிகியோ. "ஒரு கொறையும் இல்லன்னாங்க. நான் டாக்டர நம்பல மச்சான். உன்ன நம்புனேன்."