மூன்று அறிவியலும் ஐஸ்கட்டியும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் அறிவியலுக்கு இரண்டு வழி. பொது அறிவியல் என்று ஒரே பாடமாகப் படித்துவிட்டுப் போகலாம். கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தால் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் என்று மூன்று பாடமாக, மூன்று லேபில், மூன்று பேரிடம் முட்டிமோதலாம். புதிதாக வந்து சேர்ந்த ஐஸ்கட்டி மூன்றையும் எடுத்தாள்.

ஐஸ்கட்டி என்பது வகுப்பு வைத்த பெயர். ஜோக் சொன்னால் சிரிக்கமாட்டாள், திட்டினால் அழமாட்டாள். பின்னே, பட்டாசு என்றா பெயர் வைப்பார்கள்?

அறிவியல் ஆசையில் அவள் மூன்றை எடுக்கவில்லை. பொது அறிவியலுக்கு ஒரே டீச்சர், தினமும் அதே முகம். அந்த அம்மாள் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே "ராத்திரி தூங்கலையா? வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிடுவாராம். எமகாதகி என்று பிள்ளைகளே சொன்னார்கள். மூன்று பேர் என்றால் யாரும் தன்னை முழுசாகப் பார்க்கமாட்டார்கள் என்று ஐஸ்கட்டி நினைத்தாள். பழைய ஊரில் அவளுடைய தம்பி காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அதை அவள் ஒருமுறைகூட வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்காத இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தாள்.

நினைத்தபடிதான் நடந்தது. பயாலஜியில் இதயத்தை அச்சு அசலாக வரைந்தாள், ஒரு பாகத்துக்கும் பெயர் எழுதவில்லை. "ஃபிசிக்ஸ் பைத்தியங்க எல்லாம் இப்படித்தான், நம்ம பாடம்னா இளக்காரம்" என்று டீச்சர் முணுமுணுத்தார். ஃபிசிக்ஸ் லேபில் இவள் மேசையில் ஒரு வயர் கழன்று கிடந்தது, மீட்டரின் முள் அசையவே இல்லை. மற்ற பிள்ளைகளாக இருந்தால் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துக் காப்பியடித்திருப்பார்கள். இவள் கட்டம் கட்டமாகப் பூஜ்யம் எழுதி நீட்டினாள். "அடேயப்பா, அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா நீ? கெமிஸ்ட்ரில மட்டும் ஒழுங்கா படிப்பபோல" என்று சார் சிரித்தார். கெமிஸ்ட்ரி சாரோ, இவளுக்கு டாக்டர் கனவு, பயாலஜியில் புலியாக இருப்பாள் என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். ஆளுக்கு ஒரு கற்பனை. பாவம், அவர்களும் எத்தனை பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள்!

அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடமும் பல்லிளித்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவை அழைத்துவர வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து பொது அறிவியல் வகுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கெமிஸ்ட்ரி லேப். ஐஸ்கட்டி நேராகச் சாரிடம் போனாள்.

"சார், என்னை மாத்தாதீங்க சார். இனிமே நல்லா படிக்கிறேன்."

இவளுக்கு இவ்வளவு பேச வருமா என்று சார் அசந்துபோனார். "முதல்ல இன்னிக்கு உள்ளத ஒழுங்கா செய். அப்புறம் பாப்போம்."

மயில்துத்தத்தைச் சூடாக்கி, நீலம் போய் வெள்ளையாவதைப் பார்க்க வேண்டும். பீங்கான் கிண்ணத்தில் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, கண் இமைக்காமல் பார்த்தாள். முழுக்க வெளுத்தது. வருடத்திலேயே முதல்முறையாக ஒன்றை ஒழுங்காகச் செய்திருந்தாள். சாரிடம் காட்டிவிடவேண்டும் என்ற ஒரே நினைப்பில், ஆறாத கிண்ணத்தை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஐயோ, இடுக்கி எங்கே? கீழ வை! கீழ வைம்மா!"

அவள் சிந்தாமல் வைக்க இடம் தேடினாள். சார்தான் தட்டிவிட்டு, கையைக் குழாயடியில் பிடித்தார். விரல்கள் சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தன.

"வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குது சார்" என்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் அப்பா வந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. சட்டைப் பையில் டெஸ்டரோடு ஸ்டாஃப் ரூமில் ஒடுங்கி உட்கார்ந்தார். கையில் கட்டோடு அவள் பக்கத்தில் நின்றாள். எதிரே மூன்று பேரும்.

"கொதிக்கிற கிண்ணத்தக் கையில தூக்கிட்டு வர்றா, முகம் சுளிக்கலைங்க" என்றார் கெமிஸ்ட்ரி சார். "பயாலஜில எப்படி டீச்சர்?"

"என்கிட்ட கேக்குறீங்களா? அவளுக்கு ஃபிசிக்ஸ்தான் உசிருன்னு நான் நெனச்சிட்டிருக்கேன்."

"யாரு சொன்னா? வரிசையா பூஜ்யம் எழுதிக் குடுத்தவ. கெமிஸ்ட்ரில பிச்சு உதறுவான்னு நான் விட்டுட்டேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல கூத்து! ஆண்டு பாதி ஓடிய பிறகு, ஒரே பெண்ணைப் பற்றி அன்றுதான் சேர்ந்து பேசுகிறார்கள். அப்புறம் மூன்று பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஐஸ்கட்டி தரையைப் பார்த்தாள்.

மதிப்பெண் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பயாலஜி டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "வீட்ல எத்தன பேரு?"

"மூணு பேருங்க" என்றார் அப்பா.

"நாலு பேர்" என்றாள் அவள். இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன.

கெமிஸ்ட்ரி சார் கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவின் முகம் வெளுத்தது. அவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் ஊர் மாறி வந்தவர்தான். கணக்கில் தப்புச் செய்த பிள்ளையைத் திருத்துகிற மாதிரி, அவள் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்:

"மூணு பேருதான் பாப்பா."

அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாதமாக எதுவுமே வராத நெஞ்சில், அப்பாமீது, டீச்சர்மீது, தம்பிமீதுகூடக் கண்மண் தெரியாத கோபம்.

"நாலு!" என்று கத்தினாள். "நாலு பேர்!"

ஸ்டாஃப் ரூம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது.