லேட் வீரமலை

கே.கே. நகர் பானுமதிக்கு மகள் பவித்ராவின் கல்யாணத்தில் ஒரே கவலை, முசிறியில் இருக்கும் அண்ணன் வீரமலைதான். மனுஷன் தங்கம். ஆனால் கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்து, எல்லாரும் வெற்றிலை போடும் நேரத்தில் வந்து நின்றவர். பத்திரிகையைப் பார்த்துச் சரி சொல்ல அச்சகத்துக்கு வருவதாகச் சொன்ன நாளிலும் ஆளைக் காணோம்.

அச்சகத்து ஜேக்கப் போன் செய்தார். "தாய்மாமா பேரு மட்டும் பாக்கிங்கம்மா. எப்படிப் போடட்டும்?"

"வீரமலை, முசிறி" என்றாள் பானுமதி. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அவரு லேட்டுங்க. நீங்க காத்திருக்காம அடிச்சிருங்க."

ஜேக்கப்பின் குரல் தணிந்தது. "ஐயோ, கேக்கவே கஷ்டமா இருக்குங்கம்மா."

"எங்களுக்குப் பழகிருச்சுங்க" என்று போனை வைத்தாள்.

பத்திரிகைக் கட்டு வந்ததும் கணவர் சுரேஷ்குமார் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு அல்லவா? இருவரும் தாம்பூலத் தட்டோடு முசிறி பஸ் ஏறினார்கள். கல்யாண அவசரத்தில் பத்திரிகையைப் படித்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் கூட்டம். பங்காளி தமிழ்மணி ரோஜா மாலையோடு நின்றார். வரப்புத் தகராறில் வீரமலையோடு பல வருஷமாகப் பேச்சை விட்டவர், பானுமதியைக் கண்டதும் ஓவென்று அழுதார்.

"போயிட்டாரே தங்கச்சி! வரப்பை வெட்டுனது நான்தான். ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள போயிட்டாரே!"

பானுமதிக்குக் கண் இருட்டியது. சரிந்தவளை அண்ணி வேலம்மாள் தாங்கிப் பிடித்தாள். "உங்க அண்ணன் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்காரு. இவங்க ஏன் அழுவுறாங்கன்னு எனக்கே தெரியலை."

தமிழ்மணி செல்போனை நீட்டினார். பத்திரிகையில் அழகான எழுத்தில் இருந்தது: தாய்மாமன், (லேட்) வீரமலை, முசிறி.

அந்த நேரம் பார்த்து வீரமலையே மொபெட்டில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"யாருக்கு மாலை?"

தமிழ்மணி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குத்தான்ணே. தாய்மாமன் மரியாதை." மாலை கழுத்தில் விழுந்தது.

விஷயம் தெரிந்தும் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. பானுமதிக்கு அதுதான் தாங்கவில்லை. அவரோ யார் யார் எப்படி அழுதார்கள் என்று வேலம்மாளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தமிழ்மணி பக்கம் திரும்பினார்.

"வரப்பை வெட்டுனது நீதான்னு சொன்னியாமே?"

"அது செத்துப்போனவருக்குச் சொன்னதுண்ணே" என்றார் தமிழ்மணி. "உயிரோட இருக்கறவருக்கு இல்லை."

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு நாதஸ்வரக்காரர்களுக்கு முன்பே வந்துவிட்டார் வீரமலை. வாசலில் நின்று, திடுக்கிட்டவர்கள் கையிலெல்லாம் சந்தனம் தடவினார். துக்கம் விசாரிக்க வாயெடுத்தவர்கள் சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் வேலம்மாள் போனில் சொன்னாள்: "வரப்பு நேரா ஆயிருச்சு பானு. யாரு சரி பண்ணுனதுன்னு இவரும் கேக்கலை, அவரும் சொல்லலை. அன்னைக்குப் பேசினதோட சரி, பேச்சு மட்டும் இன்னும் கிடையாது."