இரண்டாவது கால்

அண்ணியும் நானும் சேர்ந்துதான் நாற்காலி செய்கிறோம். படம் போடுவது நான். மரம் அறுப்பது, இழைப்பது, பொருத்துவது எல்லாம் அண்ணி. கல்யாணத்துக்கு முன்பே ஒரு மரப்பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே பட்டறையில் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று சொந்தக்காரர்கள் பந்தயமே கட்டினார்கள். அண்ணன் நாற்காலிகளை வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. எங்களுக்குள் சண்டை வந்தால் டயரில் காற்று பார்க்கப் போய்விடுவான்.

நான் உளியைப் பிடித்தால் என் விரல்தான் முதலில் வெட்டுப்படும். ஆனால் கலையையும் கைவேலையையும் ஒன்றாக்கியவர் என்று பத்திரிகைகளில் போடுவது என்னைத்தான். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, போன செவ்வாய்க்கிழமை வரை.

அன்று கலைக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் நாற்காலி ஒன்றை நிரந்தரமாக வைக்கப் போகிறார்களாம், யாரும் உட்கார முடியாதபடி கண்ணாடிப் பெட்டிக்குள். அப்புறம் எதற்கு அதற்கு நாலு கால் என்று அண்ணி கேட்டாள். பக்கத்தில் மாட்ட அதன் முதல் படம் வேண்டும், கடிதத்தோடு இருக்கும் படிவத்தை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். படிவத்தில் இரண்டே வரிகள்: வடிவமைத்தவர், செய்தவர்.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த நாற்காலிதான். பின்னங்கால்கள் இரண்டும் அப்படியே மேலே ஏறி முதுகுச் சட்டமாக நிற்கும். இடுப்புக்கு நேரே லேசாக வளைந்து முதுகைத் தாங்கும். அந்த வளைவைப் பற்றி நான் பேசாத பேட்டி இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் இடுப்பில் கையை முட்டுக்கொடுத்து நின்றதைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து வரைந்தேன் என்று சொல்வேன். பொய் இல்லை. அவளுடைய பச்சைக் குடைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

புதன்கிழமை அலமாரியைக் குடைந்து படத்தை எடுத்தேன். விரித்தேன். வளைவு கீழே, இருக்கைக்கும் கீழே, காலில் இருந்தது. இடுப்புக்கு நேரே சட்டம் ஸ்கேல் வைத்தாற்போல் போனது. வேறு படமாக இருக்கும் என்று அலமாரியையே தலைகீழாக்கிவிட்டேன். வேறு இல்லை. என் கையெழுத்து, தேதி, காய்ச்சல் மருந்தின் கறை எல்லாம் அதிலேயே இருந்தன.

அதை வரைந்த கையோடுதான் நான் காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தேன். படுப்பதற்கு முன் படத்தின்படி ஒட்டுப்பலகையில் அச்சு வெட்டிக் கொடுத்திருந்தேன். அதை மரத்தின் மேல் வைத்துக் கோடு போட்டுத்தான் அண்ணி கால்களை அறுப்பாள். மேல்பக்கம் எது என்று அச்சில் அம்பு போடுவது என் வேலை. பட்டறைச் சுவரில் அந்த அச்சு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்பு இல்லை. எடுத்துத் தலைகீழாகப் பிடித்தேன். ஊரெல்லாம் புகழ்ந்த வளைவு வந்துவிட்டது.

அப்படியானால் பச்சைக் குடைக்காரி? அவளை நான் பார்த்தது நாற்காலிக்கு முன்பா, பின்பா? வியாழன் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். பேசாமல் பழைய தாளில் புதுப் படம் வரைந்து அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே தாளையும் தேடினேன்.

வெள்ளிக்கிழமை காலை, கைப்பிடி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணியின் முன்னால் படத்தை விரித்தேன்.

"அண்ணி, அச்சைத் தலைகீழா வச்சு வெட்டிட்டீங்க."

அண்ணி படத்தைப் பார்த்தாள். உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"முதல் காலைத் தெரியாமத்தான் வெட்டினேன். நீ அம்பு போடலை. ரெண்டாவது காலைத் தெரிஞ்சேதான் வெட்டினேன்."

மரம் வீணாகிவிட்டதே என்று தூக்கிப் போடப் போனவள், சும்மா அதில் முதுகைச் சாய்த்துப் பார்த்தாளாம். அரைமணி நேரம் அப்படியே நின்றாளாம். பிறகு இரண்டாவதையும் அப்படியே அறுத்து, அதற்கேற்ற மாதிரி இருக்கையை இரண்டு விரல் இறக்கினாளாம். அதுவும் எனக்குத் தெரியாது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் இருந்தேன். நீ காய்ச்சல் விட்டு எழுந்து வந்து உக்காந்தே. நான் நினைச்ச மாதிரியே இருக்குன்னு சொன்னே. அப்புறம் என்னத்தைச் சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மற்ற நாற்காலிகளைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது, பயத்தில் விழுங்கிவிட்டேன். படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தி, நீங்களே எழுதுங்கள் என்றேன். எனக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். படிவத்தை ஒருமுறை முழுதாக வாசித்தாள். வடிவமைத்தவர் என்ற வரியில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

ஐயோ வேண்டாம், உன் பேரையே போடு என்று சொல்வாள் என நம்பித்தான் நான் பேனாவை நீட்டியிருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு அவள் மறுபடி தேய்க்கப் போய்விட்டாள். வெளியே, படிவத்தைக் கொண்டுபோக வந்த அண்ணன் ஹாரன் அடித்தான். செய்தவர் என்ற வரி காலியாக இருந்தது. அந்த நாற்காலிக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷமாக அதைப் பற்றிப் பேசியதுதான் ஞாபகத்துக்கு வந்தது.