ஒரு விரல் இடம்

அம்மா நான்காவது நோட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் செம்புப் பானை தேய்த்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

மாலையில் பஸ்கா பண்டிகை தொடங்குகிறது. அதற்குள் வீட்டில் புளித்த ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதால், ஜெர்பா தீவின் யூதர்களான நாங்கள் புத்தகங்களைக்கூட ஒவ்வொன்றாக உதறுவோம். இறந்துபோன அப்பாவின் ஜெபப் புத்தகங்களை உதறி முடித்த கையோடு அம்மா கம்பளிப் பெட்டிக்குள் கைவிட்டிருக்கிறாள். என் ஏழு நோட்டுகளும் அங்கேதான் இருந்தன.

"யாரோடதுடி இது?"

"என்னோடதும்மா."

"பள்ளிக்கூடம் விட்டு மூணு வருஷமாச்சு. இன்னும் என்ன வீட்டுப்பாடம்?"

சல்லடை கேட்டு வந்திருந்த ஸைரா அத்தை சிரித்தாள். "நல்லா வளத்த கமூனா! பண்டிகை முடிஞ்சதும் பொண்ணு பாக்க வராங்க. எழுதுற பொண்ணுன்னு தெரிஞ்சா, மாமியாரப் பத்தி என்ன எழுதுவாளோன்னு வாசலோட திரும்பிருவாங்க."

"உன்னப் பத்தியும் எழுதியிருப்பா."

"என்னப் பத்தி எழுத ஏழு நோட்டு எப்படிப் பத்தும்?" என்ற அத்தை, மூலையில் குவித்திருந்த ஈச்ச ஓலையைக் காட்டினாள். "ரொட்டிய எரிக்கத்தானே போறோம். இதையும் சேத்துப் போட்டுரு."

இருவருக்கும் படிக்கத் தெரியாது. அம்மா நோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுல அவர் பேரு எங்கயாவது இருக்காடி?"

கடவுளின் பெயர் எழுதிய தாளை நாங்கள் எரிப்பதில்லை. எவ்வளவு கிழிந்திருந்தாலும் ஜெபக்கூடத்தின் பழந்தாள் அறையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். நான் 'இருக்கு' என்று ஒரு சொல் சொன்னால் போதும், நோட்டுகள் நெருப்புக்குத் தப்பிவிடும்.

"இல்லம்மா," என்றேன்.

அந்தப் பெயரை நான் எழுதியதே இல்லை. எழுதினால் நோட்டைத் தரையில் வைக்க முடியாது, கம்பளிக்கு அடியில் ஒளிக்க முடியாது. அதுமட்டுமல்ல, அவர்தானா என்று நிச்சயமாகத் தெரியாதபோது எப்படி எழுதுவது? போன மாதம் பூரிம் பண்டிகை அன்று எஸ்தரின் சுருளை வாசித்தார்கள். எங்களை அழிக்கச் சதி செய்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் எல்லோரும் தரையை ஓங்கி உதைத்தார்கள். நான் வேறொரு பெயருக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான், ஏதோ போன தடவை கவனிக்காமல் விட்டதுபோலக் காத்திருப்பேன். அந்தச் சுருளில் ராஜா வருகிறார், விருந்து வருகிறது, ராஜாவுக்குத் தூக்கம் வராத இரவுகூட வருகிறது. கடவுளின் பெயர் மட்டும் வருவதில்லை. ஆனாலும் அவர் அங்கே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் நான் நடந்ததை மட்டும் எழுதுவேன். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் மிஞ்சியிருந்த நாளில் மழை வந்தது. நூல்காரர் தவறிக் கொடுத்த நிறம் அம்மாவின் போர்வைக் கிழிசலுக்கு அப்படியே பொருந்திப்போனது. எழுதி முடித்ததும் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடுவேன். அவராக இருக்குமோ என்று நினைக்கிற இடங்களில் மட்டும்.

பக்கத்து முற்றங்களில் புகை எழத் தொடங்கியது. "நேரமாகுது, பத்தரைக்குள்ள எரிச்சாகணும்," என்று அத்தை ஓலையைப் பற்றவைத்தாள். ஆறு நோட்டுகளும் ரொட்டித் துண்டுகள் இருந்த தட்டின் பக்கத்தில் கிடந்தன. ஏழாவது அம்மாவின் கையில் இருந்தது. ரவையில் கல் பார்க்கும் விரலால் அவள் வரியைத் தடவிக்கொண்டே போனாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?"

 அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"இங்கயும். இதோ இங்கயும்." குரல் தாழ்ந்தது. "இங்க யாருடி இருக்கா?"

"தெரியலம்மா."

அம்மா ஓலை எரிவதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். "ஃப்ராஜி போன நாள் இதுல இருக்கா?"

ஃப்ராஜி என் அண்ணன். மார்சேய்க்குக் கப்பல் ஏறி இரண்டு வருஷமாகிறது. முதல் வருஷம் மூன்று கடிதம் வந்தது. அம்மா அவனைப் பற்றிப் பேசுவதில்லை, பண்டிகைக்கு ஒரு தட்டு மட்டும் கூடுதலாக வைப்பாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது நோட்டை எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன். அம்மா கையிலிருந்ததை மற்றவற்றோடு வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்க?"

"அண்ணன் போனான். அம்மா அழல. அண்ணனத் தவிர யார்கிட்டயும் வராத பூனை வந்து, சாயங்காலம் வரைக்கும் அம்மா மடியில கெடந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இடம் விட்டிருக்கேன்."

வெற்றிடத்தில் காய்ந்த ரொட்டித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அன்று அவன் கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டியைத் தின்றுகொண்டேதான் எழுதினேன். அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, இனி அவன் ரொட்டியையும் எரித்தாக வேண்டும்.

"கமூனா, நெருப்பு அடங்குது," என்றாள் அத்தை. இப்போது அவள் குரலில் சிரிப்பில்லை.

அம்மா விரல் நுனியை எச்சிலில் நனைத்து அந்தத் துணுக்கை எடுத்தாள். சற்று நேரம் விரலைக் கண்ணருகே வைத்திருந்தாள். பிறகு நெருப்பருகே போய் உதறினாள். ஒரு பொறிகூட எழவில்லை. அத்தை தட்டிலிருந்த ரொட்டியை நெருப்பில் கவிழ்த்தாள். மற்ற ஆறு நோட்டுகளும் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தபடியே கிடந்தன. அவற்றின் பக்கம் யார் கையும் போகவில்லை.

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. அம்மாவின் கையில் விரிந்திருந்த நோட்டின் தாள்கள் படபடத்தன. அந்த ஒரு தாள் மட்டும் அசையவில்லை. நான் விட்டிருந்த இடத்தின்மேல் அவள் கட்டைவிரல் இருந்தது.