வெறும் வயிற்று மாத்திரை

குக்கர் கைப்பிடிக்கு ஒரு திருகாணி தேடித்தான் என் வீட்டுக்காரருடைய தகர டப்பாவைத் திறந்தேன். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் திருகாணிக்கு வராது. மேலே வாஷர்கள், அடியில் மடித்த காகிதம், அதற்குள் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். வெறும் வயிற்று மாத்திரை! கட்டிலில் கொட்டி எண்ணினேன். நாற்பத்து மூன்று. தப்பியிருக்குமோ என்று மறுபடி எண்ணினேன். அதே நாற்பத்து மூன்றுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கிட்னி மாற்றினார்கள். கொடுத்தது அவருடைய அக்கா. ஈரலைப் பாழாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி அதற்கு முன்பிருந்தே அவர் உடம்பில் உண்டு. அது தலைதூக்காமல் இருக்கத்தான் இந்த மாத்திரை, தினம் ஒன்று. போட்டபின் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு ஆறு மணிக்கு நான் கம்பெனி பஸ் பிடிக்க ஓடிவிடுவேன். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். அது போதும் என்று இருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

"ஏங்க, இது என்ன?"

தலை துவட்டிக்கொண்டிருந்தவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"ரிப்போர்ட்ல ரெண்டு தடவையும் கிருமி இல்லைன்னுதானே வந்துச்சு? இல்லாத கிருமிக்கு எதுக்கு மாத்திரை? எந்திரிச்சதும் ஒரு வாய் டீ குடிக்க முடியல."

"டீக்காகவா?"

எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைத் தூக்கி அடித்திருப்பேன்.

"கயிறு அறுந்தா லிஃப்டைப் பிடிச்சு நிறுத்துற பிரேக்குன்னு ஒண்ணு சொல்வீங்களே, அது தினமுமா வேலை செய்யுது? சும்மா கிடக்குதுன்னு கழட்டிப் போட்டுருவீங்களா?"

துண்டு இறங்கியது. "அதை வருஷத்துக்கு ஒரு தடவை சோதிச்சுப் பாப்போம்டி. இதை எப்படிச் சோதிக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

லீவு சொல்லிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்தார், அது செருப்பு மாதிரி இருந்தது.

"கிருமி போகல. இதுக்குள்ள தூங்குது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்க மத்த மாத்திரை குடுக்கிறோம் இல்லையா, அது உடம்போட காவலைக் குறைச்சிடும். காவல் குறைஞ்சா இது எந்திரிச்சிடும். எந்திரிக்காம பாத்துக்கிறதுதான் நீங்க நிறுத்தின மாத்திரை."

"அப்போ கிட்னி மாத்திரையைக் குறைச்சுட்டா?" என்றார் இவர்.

"உங்க அக்கா குடுத்ததை உடம்பே தள்ளிடும்."

"நாப்பத்தி மூணு நாளா எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர்."

"ஆகலைன்னு யார் சொன்னது? ரத்தம் எடுத்திருக்கோம், மூணு நாள்ல தெரியும். மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். கிருமி இல்லை என்று எழுதிய ரிப்போர்ட் பொய்யில்லை. கிருமி இருக்கிறது என்ற டாக்டரும் பொய் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறேன் என்கிற இவரைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காவலைக் கூட்டினால் கிட்னிக்கு ஆபத்து, குறைத்தால் ஈரலுக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது மிளகளவு மாத்திரை. அதைப் போய் திருகாணியோடு போட்டு வைத்திருக்கிறார் இந்த மனுஷன்!

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்று, விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். குழந்தை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினார். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஏழரைக்கு அண்ணியின் போன் வந்தது. இவருடைய அக்கா தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, எங்காளு எப்படி இருக்கான்?"

தம்பியைக் கேட்கவில்லை. கிட்னிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது.

"தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்க. எனக்குச் சதையே அங்கதானே கிடக்கு. ரெண்டு நாளா என்னமோ மனசு சரியில்ல. மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறானா?"

இவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்ல? போடுகிறார் என்றால் இன்றைக்கு அது உண்மை. நன்றாக இருக்கிறார் என்றால் அது உண்மையா பொய்யா என்பது நாளை மறுநாள்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அண்ணிக்குத் துரோகம், சொன்னால் அவர் மனசு உடைந்துபோகும்.

"இன்னைக்கு ஆறரைக்குப் போட்டார் அண்ணி."

"டீ குடிச்சானா?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"பாவம்டா தம்பி, பொறுத்துக்கோ" என்று சிரித்தார் அண்ணி.

இவர் சிரிக்கவில்லை. அக்காவின் குரல் கேட்டால் இவருடைய வலது கை தானாகவே அடிவயிற்றுத் தழும்பின் மேல் போய் உட்காரும், மூன்று வருஷப் பழக்கம். இன்றும் போனது. பிறகு மெல்ல மேலே ஏறி விலா எலும்புக்குக் கீழே, டாக்டரம்மா வரைந்த அந்தச் செருப்பு இருக்கும் இடத்தில் நின்றது. மறுபடி இறங்கியது. கிட்னிக்கும் ஈரலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். அண்ணி பேசிக்கொண்டே இருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தக் கை நடுவிலேயே நின்றது.