மூலையில் கிடந்த டம்ளர்

என் வீட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல் வந்தால் குழம்பில் உப்பு சரியில்லை என்பார். அஸ்லாம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு குழம்பிலும் உப்பு சரியாக இல்லை.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது அரியலூர் ரோட்டில் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில். சிமெண்ட் ஆலைகளுக்கு இரும்புத் தொட்டி, சரக்கு சரிந்து இறங்குகிற பெட்டிக்குழாய் எல்லாம் செய்கிறோம். ஆபீசில் டிராயிங்கை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதைப் படித்து, தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டக் கொடுப்பது அவர் வேலை. நடராசன் என்றால் பட்டறையில் தனி மரியாதை. வெல்டர், ஹெல்பர் எல்லோரும் தாளைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, இது எந்தப் பக்கம்?" என்று அவரிடம்தான் வருவார்கள். விட்டு விட்டுப் போகிற கோடு என்றால் பின்னால் மறைந்திருக்கிற விளிம்பு, நீளமும் குட்டையுமாக மாறி மாறி வந்தால் மையக்கோடு என்று தோரணையாகச் சொல்வார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அஸ்லாம் லெப்பைக்குடிகாட்டுக்காரர். கத்தாரில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, ஊரோடு இருக்கலாம் என்று வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். "பாய், இது எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வியை இன்னொருவரிடம் கேட்கிறார்கள் என்பதை என் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. அஸ்லாமின் பூட்ஸ் பிடிக்கவில்லை, டேப் பிடிக்கவில்லை, சிரிப்பு பிடிக்கவில்லை. சுத்தப் பொறாமை, வேறென்ன? மத்தியானம் அஸ்லாம் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் நீட்டுவார். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "உன் பங்கை எங்க வெச்ச?" என்பார்.

இதற்கிடையில் முதலாளி ஜெயப்பிரகாஷ் சார் இவரையும் அஸ்லாமையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். ஆலைக்குள்ளேயே பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது, அதற்கு ஒரு சைட் இன்சார்ஜ் வேண்டும், இப்போது வந்திருக்கிற பெட்டிக்குழாய் வேலை முடிந்ததும் உங்கள் இருவரில் ஒருவரைப் போடுகிறேன் என்று. அந்தப் பதவி தனக்குத்தான் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். எனக்கும் ஆசைதான், இல்லை என்றால் பொய்.

ஆனால் அந்த வேலையின் டிராயிங்கை சார் அஸ்லாம் கையில் கொடுத்தார். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லையாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தவரின் முகத்தில் அப்படி ஒரு களை.

"வள்ளி, பாய் தப்புப் பண்ணிட்டான்."

டிராயிங்கில் இரண்டே தோற்றம். முன்பக்கம் ஒன்று, அதற்கு வலது புறத்தில் பக்கவாட்டு ஒன்று. உள்ளே அடைத்தால் சுத்தம் செய்ய ஒரு கதவு வேண்டும், அதற்கான ஓட்டையை அந்தப் பக்கவாட்டில் காட்டியிருந்தது. எங்களுக்கு வருகிற டிராயிங்கில், பொருளை இடது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதைத்தான் வலது புறத்தில் வரைந்திருப்பார்கள். ஆகவே கதவு இடது தகட்டில் வரவேண்டும். அஸ்லாம் வலது தகட்டில் கோடு போட்டிருக்கிறார்.

"சொன்னீங்களா?"

"அவனே வந்து கேட்டான். 'அண்ணே, ஒரு தடவ பார்த்துடுங்க, சரிதானே'ன்னு. கத்தார்ல பார்த்தவரு நீங்க, எனக்கென்ன பாய் தெரியும்னுட்டேன்."

"என்னங்க இது? வெட்டிட்டா தகடு போச்சே. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"வெட்டட்டும்" என்று சோற்றைப் பிசைந்தார். "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு வள்ளி."

தகட்டை வெட்டினார்கள், வெல்டிங் வைத்தார்கள், பெயிண்ட் அடித்தார்கள். அத்தனை நாளும் இவர் பரம சாது. அஸ்லாம் நீட்டிய பேரீச்சம்பழத்தைக்கூட வாங்கிச் சாப்பிட்டார்.

லாரி வந்த அன்று ஜெயப்பிரகாஷ் சாரும் வந்து நின்றார். கிரேன் கொக்கியை மாட்டுகிற நேரம் பார்த்து இவர் முன்னால் போனார்.

"சார், இதை ஏத்தாதீங்க. கதவு மாறிப் போச்சு. இடது பக்கம் வரணும்."

எல்லோரும் அஸ்லாமைப் பார்த்தார்கள். இவருக்கு அது போதவில்லை. "பாய் சாக்பீஸ் போடும்போதே நான் கண்டுபிடிச்சுட்டேன் சார்."

அஸ்லாம் டிராயிங்கை விரித்து, கீழ் மூலையில் விரலை வைத்தார். அங்கே ஒரு சின்னப் படம். சாய்த்துப் போட்ட டம்ளர் மாதிரி ஒன்று, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். எந்தத் தோற்றத்தை எந்தப் புறம் வரைந்திருக்கிறார்கள் என்று சொல்கிற அடையாளம் அது. டம்ளருக்கு வலது புறம் வட்டம் இருந்தால் எங்கள் வழக்கம். இதில் இடது புறம் இருந்தது. ஆலை வெளிநாட்டில் வாங்கிய மெஷினோடு வந்த டிராயிங்காம். அந்த நாட்டுக்காரர்கள் வலது பக்கம் தெரிவதை வலது புறத்திலேயே வரைகிறவர்கள். கதவு சரியான இடத்தில்தான் இருந்தது.

எங்களுக்கு இத்தனை வருஷமும் வந்தது ஒரே வகை டிராயிங். அந்த மூலையை யாரும் பார்த்ததே இல்லை, பிரிண்ட் எடுக்கிற நானும்தான்.

"பரவால்லண்ணே" என்றார் அஸ்லாம். "அங்க போன புதுசுல நானும் இப்படித்தான் மாத்திப் பார்த்துட்டேன்."

சார் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"நடராசன், மாத்திப் பார்க்குறது யாருக்கும் வரும். அதை விடுங்க. சாக்பீஸ் போடும்போதே தப்புன்னு தெரிஞ்சுதுன்னீங்களே, அப்புறம் எப்படி வெட்ட விட்டீங்க?"

இவர் அந்த டிராயிங்கை மடிக்க ஆரம்பித்தார். சார் அஸ்லாம் பக்கம் திரும்பினார்.

"ஏன் அஸ்லாம், வெட்டுறதுக்கு முன்னாடி இவர்கிட்ட காட்டலையா?"

அஸ்லாம் இவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாரிடம், "கேட்டிருக்கணும் சார். என் தப்புதான்" என்றார்.

லாரி போயிற்று. பதவியும் அஸ்லாமுக்குப் போயிற்று.

சாயங்காலம் இருவரும் பைக்கில் திரும்பினோம். பேரளி தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார்.

"நான் சொன்னதை அவன் சார்கிட்ட போட்டுக் கொடுத்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன் வள்ளி. திட்டவாவது திட்டியிருப்பேன். இதுலயும் என்னைய முந்திட்டானே."

வண்டியை எடுங்க என்றேன்.

பெரம்பலூர் வந்து, வீட்டில் சோற்றைப் போட்டு, நானும் ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது, குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று. அவர் குனிந்த தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.