மாமன் மடி

அன்புசெல்வன் நின்றுகொண்டே சாப்பிடப் பழகிவிட்டான். தட்டை ஜன்னல் திண்டின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, குதிரை கொள்ளு தின்பதுபோலச் சாப்பிடுவான். அவன் மனைவி மோனிகா முதல் வாரம் கேலி செய்தாள். அப்புறம் கேலி செய்வதை விட்டுவிட்டு, தானும் பக்கத்தில் நின்று சாப்பிட ஆரம்பித்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் அவனுக்கு வேலை. கம்பிக் கட்டு ஒன்றைப் புரட்டும்போது இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது. சுளுக்குதான் என்று புதுவாயலில் ஒருவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டான். அவரும் குறை வைக்காமல் நீவினார். வலி இடுப்பைக் காலி செய்துவிட்டு இடது காலுக்குக் குடிபோனது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். முதுகில் ஒரு ஊசி, இடுப்புக்கு ஒரு பெல்ட், தினமும் பயிற்சி. எப்போது சரியாகும் என்று கேட்டான். சிலருக்குச் சீக்கிரம் கேட்கும், சிலருக்கு மாசக்கணக்காகும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. பொறுமை எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

அவனுக்கோ அவசரம். திருவாலங்காட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை திலகவதியின் மகளுக்குக் காது குத்த வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். இந்த ஆடி போனால் நாலு பிறந்துவிடும், பிறகு இன்னொரு வருஷம் பிள்ளை மூளிக் காதோடு அலைய வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை, காதுகுத்து எல்லாம். திலகவதிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மடிதான் அவளுக்கு மிச்சம்.

மாமியார் வீட்டில் அதற்குள் வேறு பேச்சு கிளம்பியது. திலகவதியின் பெரியப்பா மகன் பூவராகவனும் மாமன் முறைதானே, அவர் உட்காரட்டுமே என்றார்கள். நிலம் நீச்சு உள்ளவர், நடை உடையாகவும் இருக்கிறார். ஆனால் திலகவதியின் அப்பா செத்தபோது எட்டிப் பார்க்காதவர். திலகவதி அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டாள்.

"உன்னால முடியும்னு ஒரு வார்த்த சொல்லுண்ணா. நான் பாத்துக்கறேன்."

"ஊசி போட்டுகினு கீறேன் இல்ல, ஆடிக்குள்ள கேட்டுடும். வேற யாரு மடியும் வாணாம்" என்றான்.

அன்று சாயங்காலமே ஒத்திகை ஆரம்பமாயிற்று. பாயில் சம்மணம் போட்டு உட்காருவான். மோனிகா அரிசிப் பையைத் தூக்கி மடியில் வைப்பாள். முதலில் பல்லைக் கடித்தான். போகப் போக, டீ குடிக்கிற நேரம்வரை தாக்குப்பிடித்தான். ஊசி வேலை செய்கிறது என்று மோனிகாவிடம் பெருமையாகச் சொன்னான். அரிசி அழாது, உதைக்காது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆடி ஞாயிறு. பெரியபாளையத்து அம்மன் கோயிலில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் வேப்பிலை, பொங்கல் புகை. அன்புசெல்வன் புது வேட்டி கட்டியிருந்தான். பெல்ட்டின் தகடு பிள்ளை முதுகில் குத்துமே என்று அதை அவிழ்த்து மோனிகாவிடம் கொடுத்துவிட்டான். மொட்டை நன்றாகவே முடிந்தது. குழந்தை ஸ்நேகா கையில் மிட்டாயோடு சமர்த்தாக இருந்தாள். தலையில் சந்தனம் பூசியதும் அவன் குனிந்து அதில் முத்தம் கொடுத்தான். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான்.

ஆனால் எழுந்து நின்றபோது அவன் முகம் வெளுத்திருந்ததைத் தங்கை புருஷன் அருணாச்சலம் பார்த்துவிட்டான். நல்ல மனிதன். எங்கேயோ ஓடிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தான்.

"காது குத்தறதுக்கு இதுல குந்து மச்சான். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அன்புசெல்வன் கூட்டத்தைப் பார்த்தான். தங்கையின் மாமியார் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர்ல குந்துனா அது சேரோட மடி. மாமன் மடி தரையிலதான் மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சம்மணம் போட்டான்.

வீம்புக்கு மருந்து இல்லை. ஆசாரி வலது காதில் குத்தினார். குழந்தை வீரிட்டு, உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு காலாலும் அவன் தொடையில் உதைத்தாள். இடுப்பிலிருந்து பாதம்வரை கரண்ட் அடித்ததுபோல் இருந்தது. அன்புசெல்வன் கத்தினான். குழந்தையைவிடப் பெரிதாகக் கத்தினான். பிடி தளர்ந்து ஸ்நேகா நழுவ, மோனிகா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். ஆசாரி நல்லவேளையாகக் கையை எடுத்திருந்தார்.

அவனால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கவைத்தார்கள். நல்ல நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு காது பாக்கி இருந்தது. பூவராகவன் தயங்கித் தயங்கித்தான் வந்தார். தரையில் உட்காரப் போனவரை, வேட்டி சேறாகும் என்று சொல்லி அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். குழந்தையை மடியில் வைத்து இடது காதைக் குத்தினார்கள். அது யாருடைய மடி என்று ஒருவரும் கேட்கவில்லை.

படுத்த இடத்திலிருந்து அன்புசெல்வன் எல்லாவற்றையும் பார்த்தான். கால் வலித்தது. ஆனால் அவன் அழுதது காலுக்காக அல்ல. திலகவதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் வேட்டியில் ஒட்டியிருந்த தலைமுடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு காது உன் மடியிலதானேண்ணா குத்துனாங்க" என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போது ஸ்நேகா அப்பாவின் கையை விட்டுவிட்டு வந்தாள். காதுகள் சிவந்திருந்தன, கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. மாமன் அழுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, இரண்டு காதையும் தொட்டுத் தேடினாள்.

"மாமாவுக்கும் குத்திட்டாங்களா? கம்மல் எங்க?"

அவள் அவன் காதருகே குனிந்து, வலி போவதற்காக ஊதிவிட்டாள்.